இரண்டாம் கை

அம்மா பாதி பின்னி வைத்துவிட்டுப் போன ஸ்வெட்டரை மகள் எடுத்து முடித்தால், எந்த வரிசையில் கை மாறியது என்பதைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். நூல் அதேதான், ஊசியும் அதேதான். விரலில் நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம்தான் ஆளுக்கு ஆள் வேறு. இறுக்கமான கை பத்துக் கண்ணி போடும் அகலத்தில் தளர்ந்த கைக்கு எட்டுதான் அடங்கும். அதனால் தேர்ந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து நேராகத் தொடங்குவதில்லை. தனியே ஒரு துண்டு பின்னி அளந்து, தேவைப்பட்டால் ஊசியை மாற்றிக்கொண்டுதான் பழைய வரிசைக்கு வருவார்கள். இந்த வேலைக்கென்றே அமெரிக்காவில் 2022இல் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. இறந்தவர்கள் பாதியில் விட்டுப்போன பின்னல், தையல் வேலைகளைத் தன்னார்வலர்கள் வாங்கி முடித்து, குடும்பத்தாரிடமே கூலியின்றித் திருப்பித் தருகிறார்கள்.

அங்கே மரணமோ நோயோ வந்து கை மாற்றுகிறது. கை மாறுவதையே தொழில்முறையாக வைத்திருக்கும் ஊர் ஒன்று திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேவாரம் காளத்தி என்று பாடிய ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே தொழில் கலம்காரி, துணியில் சாயத்தால் எழுதும் ஓவியம். மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மரக்கட்டை அச்சு உண்டு. காளஹஸ்தியில் எல்லாம் கலம் என்ற எழுதுகோல்தான். கூர் சீவிய மூங்கில் குச்சியில் துணியோ கம்பளியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்து அந்தச் சுற்றை விரலால் அழுத்த, நுனிக்குச் சாயம் இறங்கும். ஸ்வெட்டரில் நூலின் இறுக்கம் எதுவோ, இங்கே விரலின் அழுத்தம் அது.

பட்டறைகளில் பெரும்பாலும் கோடு ஒருவருடையது, நிறம் வேறொருவருடையது. கடுக்காயும் பாலும் ஊறிய துணியில் ஆசான் புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்து, கறுப்புக் கோடு இழுத்துவிட்டு எழுந்துவிடுவார். கறுப்புக்குக் ‘கசிமி’ என்று பெயர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது. பானையில் அது மங்கிய பழுப்பு நீர். துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. கறுத்தது கறுத்ததுதான். ஸ்வெட்டரில் முன்னவர் செய்த பிழையை அவிழ்த்துவிட்டுப் பின்னலாம். கலம்காரியில் ராமனின் முழங்கை ஒரு நூல் நீண்டிருந்தால், அந்த நீளத்தோடுதான் நிறமிடுபவர் வாழ வேண்டும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவார்கள். கடுக்காய் மஞ்சள் ஏறிய துணியில் அது சரியாகக் கண்ணுக்கே தெரியாது. தீட்டிய துணியை உலரவிட்டு, ஓடும் நீரில் அலசி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். பாதியில் விட்ட துணியை வேறொருவர் எடுக்கிறார் என்றால், கண்ணுக்குத் தெரியாத வேலையையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். விட்ட இடத்தை மறுபடி தீட்டலாம். விளிம்பு தாண்டிய படிகாரம் கொப்பரையில்தான் காட்டிக்கொடுக்கும். பிறகு ஆட்டுச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, பொன்முகலி ஆற்றில் அலசி, வெயிலில் வெளுத்து, நிறம் பரவாமலிருக்க மீண்டும் பாலில் தோய்த்து, மஞ்சளும் நீலமும் ஏறும். மஞ்சள்மேல் நீலம் விழுந்த இடம் பச்சை.

இந்தக் கலையே ஒருமுறை பாதியில் நின்று, வேறு கைகளால் தொடரப்பட்டதுதான். கோயில்களுக்குத் திரைச்சீலை எழுதும் வழக்கம் தேய்ந்து, 1950களில் சொல்லித்தர ஓரிருவரே மிஞ்சியிருந்தார்கள். கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியது. ஜொன்னலகட்டா லட்சுமையா அங்கே கற்பித்தார். அவர் மகன் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருதும் பெயரும் பெரும்பாலும் கோட்டுக்கே போகின்றன. ரசிகர்களாகிய நாமும் முகத்தையும் கண்ணையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விரலிடுக்கைப் பாருங்கள், ஆடை மடிப்பின் உள்வளைவைப் பாருங்கள். சிவப்பு கோட்டைத் தொட்டு நிற்கிறதா, தயங்கி முன்னாலேயே நிற்கிறதா, மீறிப் போய்விட்டதா? தயங்கினால் உருவம் உயிரற்று மிதக்கும். மீறினால் கோடு தடித்துப் போகும். நல்ல இரண்டாம் கை ஆசானைப் போல வரைய முயல்வதில்லை. அவர் கோடு எவ்வளவு நிறம் தாங்கும் என்று கணித்து, அவ்வளவே கொடுக்கிறது. அந்த அளவறிவு முதல் கோட்டுக்குக் குறைந்த வித்தை இல்லை. அடுத்த முறை காளஹஸ்தியில் துணி வாங்கும்போது, வரைந்தவர் யாரென்று கேட்டதோடு நிறுத்தாமல் நிறமிட்டவர் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.