ஓய்வுநாளைக் கடன் வாங்காதவர்கள்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைப் பற்றி இறையியல் வட்டங்களில் ஒரு கூற்று செல்வாக்கோடு உலவுகிறது. அந்தச் சபையிடம் கோட்பாடு உண்டு, ஆன்மிகம் கிடையாது என்பதே அது. தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் வைத்துப் போட்ட ஆண்டுக் கணக்கு இருக்கிறது, உணவு விதி இருக்கிறது, நாள் விதி இருக்கிறது. ஜெபத்தின் ஆழம் வேண்டுமென்றால் கத்தோலிக்கத் துறவியரிடம் போய்க் கடன் வாங்க வேண்டும் என்கிறார்கள். சபைக்குள் இருக்கும் சீர்திருத்தக்காரர்கள் இதை ஏக்கத்தோடு சொல்கிறார்கள். அவர்களை எதிர்க்கும் காவலர்கள் கோபத்தோடு பேசினாலும், ஆழ்ந்த ஜெபம் என்பது வெளியார் சரக்கு என்ற இடத்தில் அவர்களோடு ஒத்துப்போகிறார்கள். கடந்த 20 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்தால் இந்தக் கூற்று எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். தூத்துக்குடி மாவட்டத்துப் பிரகாசபுரத்தையும் அந்த வாசிப்போடு சேர்த்துக்கொண்டால் அது நிற்கவே நிற்காது.

பழைய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வில்லியம் மில்லரின் கணக்கு, 1844 அக்டோபர் 22-இன் ஏமாற்றம், எலன் ஒயிட்டின் தரிசனங்கள், 1863-இல் அமைப்பாகத் திரண்ட சபை, 1888-இல் மினியாபொலிஸில் நீதிமானாக்கப்படுதல் பற்றி எழுந்த சண்டை. 1919 வேதாகம மாநாட்டில் எலன் ஒயிட்டின் அதிகாரம் குறித்து நடந்த வெளிப்படையான பேச்சும், அதை அடுத்து அடிப்படைவாதம் சபையைப் பிடித்த விதமும் மைக்கேல் கேம்ப்பெல் 2019-இலும் 2022-இலும் எழுதிய இரண்டு சிறு நூல்களில் தெளிவாக வந்துவிட்டன. 1957-இல் வெளியான ‘கொஸ்டியன்ஸ் ஆன் டாக்ட்ரின்’ கிளப்பிய புழுதி, 1976-இல் ரொனால்ட் நம்பர்ஸ் எலன் ஒயிட்டின் ஆரோக்கியப் போதனைகளின் மூலங்களைத் தோண்டி எடுத்தது, 1980-இல் கிளேசியர் வியூவில் டெஸ்மண்ட் ஃபோர்டின் கருத்துகள் விசாரிக்கப்பட்டு அவர் ஊழியப் பொறுப்பை இழந்தது என்று அடுத்த கால் நூற்றாண்டு ஓடியது. அத்தனையும் மூளைக்குள் நடந்த போர்கள். இந்தக் காலத்தை எழுதிய வரலாற்றாசிரியர்கள் கமிட்டிகளின் நடவடிக்கைக் குறிப்புகளை அலசியதில் கால் பங்கு கவனத்தைக்கூட வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்த குடும்பத்தின் மீது வைக்கவில்லை. அந்த வறட்சி இன்றுவரை தொடர்கிறது.

ஆன்மிகம் பற்றிய இன்றைய சண்டைக்கு நம் நகரமான மாண்ட்ரியலில் ஒரு வேர் இருக்கிறது. பெனடிக்டின் துறவி ஜான் மெய்ன் 1977-இல் இந்த நகருக்கு வந்து ஒரு மடத்தைத் தொடங்கினார். 1982 டிசம்பர் இறுதியில் இங்கேயே இறந்தார். உலகெங்கும் பரவிய கிறிஸ்தவ தியான இயக்கம் பெருமளவுக்கு அவர் இங்கே செய்த பணியால் உருவானது. துறவியாவதற்கு முன் 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தபோது, கோலாலம்பூரில் தூய வாழ்க்கைச் சங்கத்தை நடத்திய சுவாமி சத்தியானந்தாவிடம் அவர் தியானம் கற்றார். பிறகு தன் சீடர்களுக்கு அவர் கொடுத்த ஜெபமந்திரம் மாரநாதா. கர்த்தரின் வருகையை வேண்டும் இந்த ஜெபத்தின் மீதுதான் அட்வென்டிஸ்ட் சபை தன் பெயரையே கட்டியிருக்கிறது. வருகைக்காகக் காத்திருக்கும் சபைக்கும், அந்த வருகையையே ஒவ்வொரு காலையும் மாலையும் மௌனமாக உச்சரிக்கும் தியானக் குழுவுக்கும் இடையே ஓர் உரையாடல் நடந்திருக்க வேண்டும். நடந்தது எச்சரிக்கை.

2010 ஜூலையில் அட்லாண்டாவில் கூடிய பொது மாநாட்டில், புதிதாகத் தேர்வான தலைவர் டெட் வில்சன் தியான ஜெபம், மையப்படுத்தும் ஜெபம் போன்றவை மறைஞானத்தில் வேரூன்றியவை, அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள் என்று பிரசங்கித்தார். அதற்குப் பிறகு சபைக்குள் ‘ஆன்மிக உருவாக்கம்’ என்ற தொடரே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, தாய்லாந்தில் மிஷனரியாக இருந்த ஜான் டிப்டால் ‘ஹங்கர்’ என்ற நிதானமான நூலை எழுதியிருந்தார். ஜெபம், உபவாசம், தனிமை, தியானம் ஆகியவற்றை வேதத்தோடு இணைத்துப் பேசும் நேர்மையான புத்தகம் அது. சபையின் சொந்தப் பதிப்பகமே வெளியிட்டது. ஆனாலும் அந்த நூலுக்குப் பின்வந்த விவாதம் இது எங்கிருந்து வந்தது என்ற விசாரணையிலேயே முடங்கியது. பௌத்தர்களோடு வாழ்ந்த ஒருவர் ஜெபத்தைப் பற்றி என்ன கண்டுகொண்டார் என்ற கேள்வி அடிபட்டுப் போனது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சுவிஸ் மானுடவியலாளர் எவா கெல்லர் 2005-இல் வெளியிட்ட ‘தி ரோட் டு கிளாரிட்டி’ இந்தத் துறையின் பாதையையே மாற்றியிருக்க வேண்டிய நூல். மடகாஸ்கரின் வடகிழக்குக் கரையில் அட்வென்டிஸ்ட் குடும்பங்களோடு அவர் வாழ்ந்தார். அந்த மக்கள் பணத்துக்காகவோ ஆறுதலுக்காகவோ அங்கே இல்லை. வேதத்தைக் கேள்வி பதிலாகக் கூடிப் படிக்கும்போது கிடைக்கும் இன்பம்தான் அவர்களைக் கட்டிப்போட்டது என்பது அவர் முடிவு. காலாண்டுப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விவசாயிகள் வாதிடுவதை ஓர் ஆன்மிக அனுபவமாகவே அவர் பார்த்தார். கோட்பாடு ஒரு பக்கம், ஆன்மிகம் மறு பக்கம் என்ற பிரிவினை இங்கே உடைகிறது. படிப்பே ஜெபமாக இருக்கும் மரபு யூதர்களுக்கு உண்டு, திருமுறை முற்றோதலிலும் ஏதோ ஒரு வகையில் உண்டு. அதை அட்வென்டிஸ்டுகளிடம் அடையாளம் காண வெளியிலிருந்து ஒரு மானுடவியலாளர் வர வேண்டியிருந்தது.

ஓய்வுநாள் பற்றிய இறையியலும் மெதுவாகத்தான் இந்தப் பக்கம் திரும்புகிறது. சாமுவேல் பக்கியோக்கி ரோமின் கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 1977-இல் நூலானது. ஞாயிறு வழிபாடு இரண்டாம் நூற்றாண்டு ரோமில் எழுந்தது என்று நிறுவ முயன்ற அந்த நூலில் உழைப்பு அபாரம். ஆனால் அதை முடித்து வைக்கும்போது எந்த நாள் சரி என்று தெரியுமே தவிர, அந்த நாளில் என்ன நிகழ்கிறது என்று தெரியாது. சிக்வே டொன்ஸ்டாட் 2009-இல் எழுதிய ‘தி லாஸ்ட் மீனிங் ஆஃப் தி செவன்த் டே’ இதைவிட மிகப் பெரிய மனம் கொண்ட புத்தகம். ஏழாம் நாளைக் கட்டளையாகக் காட்டாமல் கடவுளின் குணத்தைக் காட்டும் அடையாளமாக அவர் வாசிக்கிறார். மண்ணையும் மிருகங்களையும் அந்த ஓய்வுக்குள் கொண்டு வருகிறார். இதற்கு மாறாக, பிற சபைகளைச் சேர்ந்தவர்கள் அண்மையில் எழுதிக் குவிக்கும் ஓய்வுநாள் புத்தகங்கள் பலவற்றில் ஓய்வு இருக்கிறது, நாள் இல்லை. வசதியான நேரத்தில் கைபேசியை அணைத்து வைப்பது ஓய்வுநாள் ஆகாது. ஒரு சமூகம் முழுவதும் ஒரே அந்தியில் வேலையை நிறுத்துவதில்தான் அதன் வலு இருக்கிறது.

இப்போது பிரகாசபுரத்துக்கு வருகிறேன்.

நாசரேத்துக்கு அருகே மூக்குப்பீறி என்று அறியப்பட்ட அந்த ஊரில், 1857-இல் அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை ஆங்கிலிக்க மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார். மிஷனரி கேமரரோடு அவருக்கு மோதல். அவர் சார்ந்த நாடார்களைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849-இல் அச்சிட்ட நூல் அந்தச் சமூகத்துக்குத் தந்த அவமானம் அதைவிடப் பெரிய காயம். சட்டாம்பிள்ளை வெள்ளையரை விட்டு விலகினார், கிறிஸ்துவை விட்டு விலகவில்லை. ஐரோப்பியப் பழக்கங்களைக் கழித்துவிட்டு, கீழைத்தேய நூலான வேதாகமத்தை நேராகப் படித்தார். பழைய ஏற்பாட்டின் முறைகள் தன் மக்களின் முறைகளுக்கு மிஷனரியின் முறைகளைவிட நெருக்கமானவை என்று கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள் ஆனது. தூபம் வந்தது, சாஷ்டாங்கமாக விழுந்து தொழுவது வந்தது, வேதப் பண்டிகைகள் வந்தன. இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏகரட்சகர் சபை என்றும் அது பெயர் பெற்றது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் அட்வென்டிஸ்டுகள் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டது 1860-இல். பொது மாநாடு அமைந்தது 1863-இல். பிரகாசபுரத்தின் ஓய்வுநாள் இரண்டுக்கும் மூத்தது. யாரும் இவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பனங்காட்டு ஊர் ஒன்றில், வேதத்தைத் தமிழில் படித்துத் தாங்களே வந்தடைந்த இடம் அது. மேலும், அவர்களுடைய ஓய்வுநாள் உடம்பால் அனுசரிக்கப்பட்டது: தரையில் விழுதல், புகையின் மணம், அந்தியில் தொடங்கும் அமைதி. ஆன்மிகம் எங்கே என்று தேடுகிறவர்கள் தேட வேண்டிய இடம் இதுதான்.

இந்தச் சபை முற்றிலும் மறக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். தாமஸ் தங்கராஜ் 1971-இல் அதன் வரலாற்றையும் போதனைகளையும் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் நாடார் வரலாற்றுக்குள் அதைச் சேர்த்தார். வின்சென்ட் குமாரதாஸ் 1990களில் எழுதியவை சட்டாம்பிள்ளையைக் காலனியக் கிறிஸ்தவத்தோடு மல்லுக்கட்டிய அறிவாளியாக நிமிர்த்தி நிறுத்தின. அதற்காகத் தமிழ் வரலாற்றெழுத்து அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த ஆய்வு வரிசையில் அழுத்தம் விழுவது எதிர்ப்பின் மீது, கௌரவத்தின் மீது, சாதி அரசியலின் மீது. அந்த அழுத்தத்துக்கு நியாயம் உண்டு. அது பெரும்பாலும் ஒரே சாதியின் சபையாகவே இருந்தது என்ற குறையை மறைக்கக் கூடாது. எனினும் ஒரு கிளர்ச்சிக்காரர் வாரந்தோறும் ஒரு நாளை விடாமல் அனுசரித்தார் என்றால், அந்த அனுசரிப்பை எதிர்ப்பின் சின்னமாக மட்டும் படிப்பது போதாது. கோபத்தில் ஒரு சபையைத் தொடங்கிவிடலாம். அதே கோபத்தை வைத்து ஐம்பது ஆண்டுகள் சனிக்கிழமைகளைக் காப்பாற்ற முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஜே.எஸ். ஜேம்ஸ் என்ற அமெரிக்க அட்வென்டிஸ்ட் மிஷனரி பிரகாசபுரம் வந்தார். ஏற்கெனவே சனிக்கிழமையை அனுசரிக்கும் ஊர் இருப்பது அவருக்குத் தேவ ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். ஒரு பகுதியினர் அட்வென்டிஸ்டுகள் ஆனார்கள், பள்ளி எழுந்தது, இன்றும் ஜேம்ஸ் பெயரில் அது நடக்கிறது. தென்னிந்தியத் தமிழ் அட்வென்டிஸத்தின் தொடக்கம் இந்த இடம்தான். வழக்கமான சபை வரலாறு இதை மிஷனரியின் வருகையாகச் சொல்கிறது. நான் இதைத் தலைகீழாகப் படிக்கச் சொல்கிறேன். அமெரிக்கச் சபைதான் அங்கே தன்னைவிட மூத்த ஓர் ஓய்வுநாளைச் சந்தித்தது; அந்தச் சந்திப்பில் தூபத்தையும் தரையில் விழுந்து தொழுததையும் வாங்கிக்கொள்ளாமல், பாடத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. 2010-இன் எச்சரிக்கைக்கு ஒரு முன்கதை இருக்கிறதென்றால் அது இங்கே இருக்கிறது.

ஆப்பிரிக்கர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். சார்ல்ஸ் பிராட்ஃபோர்ட் 1999-இல் எழுதிய ‘சபத் ரூட்ஸ்’, எத்தியோப்பியா முதலான இடங்களில் மிஷனரிகளுக்கு முன்பே இருந்த ஓய்வுநாளைத் தொகுத்தது. அதில் ஆதாரத்தை மீறிய தாவல்கள் உண்டு, திசை சரியானது. கிறிஸ்டி சோ 2021-இல் சீன அட்வென்டிஸ்டுகளைப் பற்றி எழுதிய ‘ஸ்கிஸம்’, சபைப் பிரிவுகளின் அமைப்புகள் கலைந்த பிறகும் அந்த நம்பிக்கை உள்ளூர் மக்களின் கையில் எப்படிப் பிழைத்தது, பிளந்தது, வளர்ந்தது என்று காட்டுகிறது. அட்வென்டிஸம் பற்றி 2024-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பெரும் கையேட்டின் தொகுப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். துறை நகரத் தொடங்கிவிட்டது. தமிழ் மூலங்களை வைத்துப் பிரகாசபுரத்தை எழுத ஆள் வேண்டும். தென்னாசியப் பிரிவின் தலைமையகமே தமிழ்நாட்டு ஓசூரில் இருக்கும்போது இது கைக்கெட்டாத வேலை அல்ல.

புலம்பெயர்ந்த நமக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவில் சனிக்கிழமையைக் காக்கும் உரிமையை நிலைநாட்டியது 1985 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓமாலி வழக்கு. கிங்ஸ்டனில் சிம்ப்சன்ஸ்-சியர்ஸ் கடையில் வேலை பார்த்த ஓர் அட்வென்டிஸ்ட் பெண், வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை வேலைக்கு வர மறுத்து முழுநேர வேலையை இழந்தார். பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லாவிட்டாலும் விளைவு பாகுபாடுதான், அளவுமீறிய சிரமம் இல்லாதவரை முதலாளி இடம்கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2007-இல் கெபெக்கைக் கலக்கி, பூஷார்–டெய்லர் ஆணையம் வரை போன ‘நியாயமான இணக்கம்’ பற்றிய விவாதத்துக்கு இந்தத் தீர்ப்பே சட்ட வேர். அதே டெய்லர்தான், நம் நகரத்துச் சார்ல்ஸ் டெய்லர், அதே 2007-இல் ‘எ செக்யூலர் ஏஜ்’ நூலில் நவீன மனிதனின் காலம் ஒரே தடிமனாய், மேடுபள்ளம் இல்லாமல் ஆகிவிட்டது என்று எழுதினார். தன் மாகாணத்திலேயே வாரம் ஒருமுறை அந்தக் காலத்தை முறித்துக்கொண்டிருந்த ஹெய்ட்டிய அட்வென்டிஸ்ட் சபைகளை இறையியலாளர்கள் அவரோடு சேர்த்துப் படித்திருந்தால் எவ்வளவோ கிடைத்திருக்கும்.

தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் மறைகிறது. மாண்ட்ரியலில் டிசம்பரில் நாலேகால் வாக்கிலேயே மறைந்துவிடும். ஜூனில் எட்டே முக்கால் ஆகும். ஓய்வுநாளைக் காக்கும் தொழிலாளி இங்கே குளிர்காலத்தில் ஷிஃப்ட் முடியும் முன்னே கிளம்ப வேண்டும், மேற்பார்வையாளரிடம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், சில சமயம் கூலியை இழக்க வேண்டும். மௌனத் தியானத்தை ஏற்கலாமா என்று வாதிடும் கட்டுரைகள் இந்த ஒழுக்கத்தைத் தொடுவதே இல்லை. அடுத்த ஆய்வேட்டை எழுதப்போகும் தமிழ் மாணவர் தொடங்க வேண்டியது அந்தத் தொழிலாளியின் வெள்ளிக்கிழமையிலிருந்தும், சட்டாம்பிள்ளை தொடங்கிய சபையின் ஜெபமுறைகளிலிருந்தும்தான். கிளேசியர் வியூவைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.