காதல்மொழியில் ஆட்சியும் பணிவும்: இரயிம்மன் தம்பியின் இரு படைப்புகளை முன்வைத்து

1. முன்னுரை

காதலில் ஒருவர் ஆள்வதும் மற்றவர் பணிவதும் இலக்கியத்துக்குப் பழமையான பொருளாகும். புலவிக் காலத்தில் மனைவி உயர்ந்து நிற்பதையும் கணவன் பணிந்து நிற்பதையும் தொல்காப்பியப் பொருளியல் உரியவையென ஏற்கிறது. வடமொழி நாட்டிய நூலார் வகுத்த எண்வகை நாயகியருள் ஸ்வாதீனபதிகை என்பவள் கணவனைத் தன்வயப்படுத்தியவள். 2011இல் வெளிவந்த ஈ. எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவல் இதே பொருளை வணிகப் புனைகதையின் நடுவே நிறுத்தியது. அதில் அனுபவமற்ற மாணவி ஒருத்தி, செல்வந்தன் ஒருவன் முன்வைக்கும் ஒப்பந்தத்தின் வழியே ஆளுகையும் பணிவும் கலந்த உறவினை அறிகிறாள். கதையைத் தன்மையிடத்தில் அவளே கூறுகிறாள்.

இத்தகைய கதைகளைத் தமிழாக்குவோர் ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்: பணிவுச் சொல் எங்கும் பணிவையே உணர்த்துமா? திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் அரண்மனைச் சூழலில் தோன்றிய இரு படைப்புகள் இவ்வினாவைத் தெளிவாக ஆராய இடமளிக்கின்றன.

2. சூழல்

1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் அரசைப் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். அதன்பின் அரசர்கள் 'பத்மநாபதாசர்' என்னும் பெயரிலேயே ஆண்டனர். அடிமை என்று பொருள்படும் சொல் அங்கு ஆட்சியுரிமையின் சொல்லாயிற்று. கோயிலின் கிழக்கு வாயிலையடுத்து விழாக் காலத்தில் கதகளி நிகழும் நாடகசாலை உள்ளது. அருகில் சுவாதித் திருநாள் (1813-1846) கட்டிய குதிரமாளிகை நிற்கிறது. இச்சூழலில் வாழ்ந்த அரண்மனைக் கவிஞர் இரயிம்மன் தம்பி (1782-1856) பதங்களும் ஆட்டக்கதைகளும் இயற்றினார்.

3. பதத்தில் பணிவு

'பிராணநாதன் எனிக்கு நல்கிய' எனத் தொடங்கும் தம்பியின் பதத்தில் நாயகி, தலைவனோடு கூடிய இன்பத்தைத் தோழிக்கு உரைக்கிறாள். பாடலுக்குப் பெயராக வழங்கும் இம்முச்சொற்களே கருதத்தக்கவை. எழுவாய் 'உயிர்த்தலைவன்', பெண், நான்காம் வேற்றுமையில் பெறுபவளாக நிற்கிறாள், 'நல்கிய' என்னும் பெயரெச்சம் செயலை அவனுக்கு உரியதாக்குகிறது. இலக்கண அளவில் ஆள்பவன் அவன், பணிபவள் அவள்.

கூற்றமைப்போ இதற்கு மாறானது. தலைவன் அங்கு இல்லை. அவன் படர்க்கைப் பொருளாகிவிட்டான். எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்பன அனைத்தும் அவள் முடிவு. அந்த இன்பம் சொல்லுக்கு எளிதில் அடங்காதது என்னும் தயக்கத்தோடு தொடங்கி, பின் ஒளிவின்றிச் சொல்லிச் செல்கிறாள். செயல் அவனுடையது, சொல் அவளுடையது.

இப்பெண்குரல் ஆண்கவிஞர் ஒருவர் படைத்தது என்னும் தடை எழுதல் கூடும். அது நேரியதே. எனினும் படைத்தவர் யார் என்பது வேறு, பாடலுக்குள் கூற்றுரிமை யாருக்கு அளிக்கப்பட்டது என்பது வேறு. மொழிபெயர்ப்பாளர் காக்கவேண்டியது பின்னதை.

4. ஆட்டக்கதையில் ஆட்சி

அதே கவிஞரின் 'கீசகவதம்' எதிர்நிலையைக் காட்டுகிறது. விராடன் அரண்மனைக்குப் புதியவளாய், சைரந்திரி என்னும் பணிப்பெண்ணாய் மறைந்து வாழ்கிறாள் திரௌபதி. அரசியின் உடன்பிறந்தானும் படைத்தலைவனுமாகிய கீசகன் அவளை விரும்புகிறான். அவளிடம் அவன் பேசும் மொழி முழுவதும் புகழ்ச்சியும் இரத்தலுமே. மான்விழியாள் என்றும் மகளிருள் மணி என்றும் அவளை உயர்த்தித் தன்னைத் தாழ்த்துகிறான்.

சொற்களை மட்டும் நோக்கின் பணிபவன் அவன். ஆயினும் அவள் மறுப்புக்கு அங்கே மதிப்பில்லை. அரசியின் ஆணையால் மதுக்கலத்துடன் அவன் இல்லத்துக்கு அவள் அனுப்பப்படுகிறாள். இணங்காத காரணத்தால் தாக்கப்படுகிறாள். கீசகன் இறுதியில் வீமன் கையால் மடிகிறான். 'நாதன்' என்னும் ஆட்சிச் சொல் பதத்தில் இன்பத்தின் சொல்லாக, ஆட்டக்கதையில் இரப்போன் சொல் வன்முறையின் முன்னுரையாகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது மறுக்கும் உரிமை ஒன்றேயாகும்.

5. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் விளிப்பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். தமிழில் அவ்வச்சுகள் வினைமுற்றிலும் வெளிப்படும். இன்றைய மலையாள வினைமுற்று இடமும் பாலும் காட்டுவதில்லை. 'தந்நு' என்பது தந்தேன், தந்தான், தந்தாள், தந்தார் யாவற்றுக்கும் பொது. தமிழில் பெயர்ப்பவரோ 'தந்தான்', 'தந்தார்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

'தந்தார்' எனின் இன்றைய இல்லற வழக்கின் மரியாதை புகுந்து, தோழியிடம் பேசும் அந்தரங்கம் குறையும். 'தந்தான்' எனின் நெருக்கம் மிகும். 'நாதன்' என்பதன் உயர்வு தளரும். சங்க அகப்பாடல்களில் தலைவி தலைவனை ஒருமையாலும் உயர்வுப்பன்மையாலும் சுட்டுவதால் மரபு இரண்டுக்கும் இடமளிக்கிறது. பதத்துக்கு ஒருமையே பொருந்தும். உயர்வைப் பெயர்ச்சொல் தாங்கிக்கொள்ள, வினை நெருக்கத்தைத் தாங்கும்.

ஆங்கிலப் புனைகதையில் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. 'யூ' என்பது இருவருக்கும் பொதுவாதலின் அங்கே ஏற்றத்தாழ்வு விளிப்பெயராலும் தொனியாலும் உணர்த்தப்படுகிறது. அவன் 'நீ' என்றும் அவள் 'நீங்கள்' என்றும் நூல் முழுதும் தமிழில் அமைப்பின், இருவரும் தேர்ந்து ஏற்ற உறவு வழக்கமான கணவன்-மனைவி ஏற்றத்தாழ்வாகத் தோன்றிவிடும். விரும்பி ஏற்ற பணிவுக்கும் சமூகம் சுமத்திய பணிவுக்கும் இடையே வேறுபாடு அழியும். விளிப்பெயர் மாறும் இடங்களைக் கண்டு, அங்கு மட்டும் 'நீங்கள்' என்பதைக் கையாளுதல் இவ்விழப்பைக் குறைக்கும்.

6. முடிவுரை

ஆட்சியும் பணிவும் தனிச்சொல்லில் அடங்குவன அல்ல. யார் கூறுகிறார், யாரிடம் கூறுகிறார், மறுத்தால் என்ன நேரும் என்னும் மூன்றனையும் நோக்கியே சொல்லின் பொருள் துணியப்படல் வேண்டும். மென்மையான சொல் கருதிக் கீசகனைக் காதலனாக்குவதும், 'நாதன்' என்றமை கருதிப் பதத்தின் நாயகியை அடிமையாக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களாகும்.