கேளாமல் செய்த உபகாரம்

மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை நான் சற்று ஜாக்கிரதையாகவே படிப்பது வழக்கம். யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு நம்மை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்ற மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். மன்னிப்பின் யோக்கியதை தெரிந்துவிடும். இலக்கியம் என்று யாரும் எண்ணிப் படிக்காத ஒரு வாசகத்தை இன்று அப்படிப் படித்துப் பார்க்க உத்தேசம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ் என்ற பிரவுசரை வைத்து வேலை செய்தவர்களுக்கு 2025 வரை அது பழக்கமானதாக இருந்தது.

வேலைக்கு நடுவே புதிதாக ஒரு டேபைத் திறப்போம். கேட்ட பக்கம் வராது. ஓர் அறிவிப்பு வரும். முன்பு அது சொல்லிவந்ததன் சாரம் இது: மன்னிக்கவேண்டும், மேலே நடப்பதற்கு ஒரு சின்னக் காரியம் பாக்கி இருக்கிறது, பயர்பாக்ஸ் பின்னணியில் இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது, பொத்தானை அழுத்தி மூடித் திறந்தால் உங்கள் பக்கங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

மரியாதையான பேச்சுத்தான். ஆனால் அதில் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று, ‘சின்னக் காரியம்’. யாருக்குச் சின்னது? விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில், பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டுச் சான்றிதழைத் தேட இன்னொரு டேபைத் திறந்தவனுக்கு அது சின்னக் காரியம் அல்ல. மற்றொன்று, ‘புதுப்பிக்கப்பட்டது’. யாரால் என்று வாக்கியம் சொல்லவில்லை. செய்தவன் பெயரைச் சொல்லாமல் செய்த காரியத்தை மட்டும் சொல்வதற்கென்றே செயப்பாட்டு வினை ஏற்பட்டதோ என்று சில சமயம் தோன்றும். சர்க்காருக்கும் அதில் பிரியம் அதிகம்.

நடந்தது என்ன என்று பார்த்தால் இந்த மறைவு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. பழைய நாளில் பிரவுசர் என்பது ஒரே புரோகிராமாக ஓடியது. 2016-ல் வந்த 48-ஆம் பதிப்பிலிருந்து பயர்பாக்ஸ் தன் வேலையைப் பிரித்துக்கொண்டது. தலைமைப் புரோகிராம் ஒன்று. பக்கங்களைக் காட்டுவதற்கு அதன் கீழ் தனித்தனிப் புரோகிராம்கள். ஒரு பக்கம் விழுந்தால் எல்லாம் விழக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. லினக்ஸில் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் பயர்பாக்ஸ் அல்ல. கம்ப்யூட்டரின் மென்பொருள்களை எல்லாம் பராமரிக்கும் நிர்வாகி ஒருவன் இருக்கிறான், அவன் வேலை அது. பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமலே, பழைய கோப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். தலைமைப் புரோகிராம் நினைவகத்தில் பழைய பதிப்பாகவே இருந்தது. புதிய டேபுக்காகக் கிளம்பி வந்ததோ புதிய பதிப்பு. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது திருத்திய பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஒரு நடிகன் மேடைக்கு வந்தால் எப்படி இருக்கும்? ராஜா பழைய வசனத்தைப் பேசுவார். மந்திரி புதிய வசனத்தில் பதில் சொல்வார். ஆகவே பிரவுசர் பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் திரையைப் போட்டுவிட்டது. தாறுமாறாக நடத்துவதைவிட நிறுத்துவது நேர்மை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிறவர் ஒருவர், காரியத்தைச் செய்தவர் வேறொருவர். செய்தவர் நம் கண்ணிலேயே படுவதில்லை.

இது தவிர்க்க முடியாத விதியா என்றால், இல்லை. குரோம் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. லினக்ஸில் அது தொடங்கும்போதே ஒரு மூலப் பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கருவுற்ற முட்டை என்று பொருள்படும் உயிரியல் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பிறகு திறக்கும் பக்கங்களுக்கான புரோகிராம்கள் அந்தக் கருவிலிருந்தே பிறப்பதால், வெளியே கோப்புகள் மாறினாலும் உள்ளே குடும்பம் ஒன்றாகவே இருக்கும். விண்டோஸில் புதிய பதிப்பைப் பழையதன் பக்கத்திலேயே தனி உறையில் வைத்துவிட்டு, அடுத்த முறை திறக்கும்வரை காத்திருக்கிறது. காத்திருக்கும் சமாசாரத்தை மூலையில் ஒரு நிறத்தால் தெரிவிக்கும்: முதலில் பச்சை, பிறகு ஆரஞ்சு, ஒரு வாரம் ஆனால் சிவப்பு. உட்கார்ந்திருப்பவனை எழுப்பாமல் நாற்காலியை மாற்ற ஒரு வழி உண்டு என்பதற்கு இது சாட்சி.

அதற்காகக் குரோமைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. 2019 நவம்பரில் பல நிறுவனங்களில் குரோம் ஜன்னல்கள் திடீரென்று வெறும் வெள்ளையாகிவிட்டன. வேறு ஜன்னல்களால் மூடப்பட்ட பக்கங்களை உறங்கவைத்துச் சக்தியை மிச்சப்படுத்தும் ஒரு பரிசோதனை வசதியை, கூகிள் தொலைவிலிருந்தே இயக்கிவிட்டது. பலர் ஒரே சர்வரில் வேலை செய்யும் இடங்களில், கண்ணெதிரே திறந்திருந்த ஜன்னலையே அது மூடப்பட்டதாக எண்ணிக்கொண்டு உறங்கிப்போயிற்று. ஆபீஸ்களில் கம்ப்யூட்டரைக் கவனிக்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் என்ன மாறியது என்று தேடினார்கள். எதுவும் மாறவில்லை. பதிப்பு எண்கூட மாறவில்லை. பிறகு கூகிள் அந்த வசதியை அணைத்தது. ஜன்னல்கள் திரும்ப வந்தன. நாசூக்காக நாற்காலி மாற்றத் தெரிந்தவர்களே, ஆள் உட்கார்ந்திருக்கும்போது விளக்கை அணைத்துப் பார்த்த கதை இது.

எதிர்க் கட்சியின் வாதத்தையும் கேட்கவேண்டும். அது பலவீனமான வாதம் அல்ல. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற விஷப் புரோகிராம் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைக்கூட ஸ்தம்பிக்க வைத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒரு பொத்தானைக் கொடுத்தால் மனிதன் ஆயுள் முழுவதும் அதையே அழுத்திக்கொண்டிருப்பான். நானும் அந்த ஜாதிதான். பூட்டு உடைந்திருந்தால் கேளாமலே பூட்டை மாற்றுகிறவன் நண்பன்தான், சந்தேகமில்லை.

ஆனால் பூட்டை மாற்ற வந்தவன், வந்ததோடு வந்ததாக, அலமாரியையும் இடம் மாற்றி, சுவருக்கு வேறு வர்ணமும் அடித்துவிட்டுப் போனால்? பாதுகாப்புத் திருத்தமும் புதிய அலங்காரங்களும் ஒரே மூட்டையில் வருகின்றன. மூட்டையை வேண்டாம் என்றால் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட பழி நம்மேல் விழும். இதுதான் இந்த விஷயத்தின் சாரமான அநியாயம் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் பிரிக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஆபீஸ்களையும் பள்ளிக்கூடங்களையும் உத்தேசித்து 2012 முதல் பயர்பாக்ஸ் ஒரு நீண்டகாலப் பதிப்பைத் தருகிறது. அதில் ஓட்டைகளை உடனுக்குடன் அடைக்கிறார்கள். புதுமைகளை ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு முறை சேர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேடிப் போகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். சாதாரண மனிதன் கையில் முதலில் வந்து விழுவது மூட்டைதான். நிறுவனத்துக்குக் காட்டத் தெரிந்த மரியாதையைத் தனி மனிதனுக்குக் காட்டத் தெரியாதா?

முன்கூட்டிச் சொல்வதும் முடியாத காரியம் அல்ல. 2022-ல் வந்த உபுண்டு 22.04-ல் பயர்பாக்ஸ் வேறு விதமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டது. புதுப்பித்தல் காத்திருக்கிறது, பிரவுசரை மூடினால் இடைஞ்சல் இல்லாமல் முடியும், இன்னும் 13 நாள் பாக்கி என்று அதில் அறிவிப்பு வரும். வீட்டுக்காரர் நோட்டீசைப் போல இருக்கிறது என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வாஸ்தவம். ஆனாலும் நோட்டீஸ் கொடுக்கும் வீட்டுக்காரர், சாமானைத் தெருவில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் வீட்டுக்காரரைவிட மேல்.

பயர்பாக்ஸ் தன் வாசகத்தைப் பிற்பாடு திருத்தியது. ‘சின்னக் காரியம்’ போய்விட்டது. ஜன்னல்களும் டேபுகளும் திரும்பி வரும், அந்தரங்க ஜன்னல்கள் மட்டும் வரமாட்டா என்று அப்போது ஒளிக்காமல் சொல்லிற்று. நல்ல திருத்தம், என்றாலும் போதாது. பக்கம் திரும்பி வருவது வேறு, பக்கத்தில் எழுதியது திரும்பி வருவது வேறு. பாதி நிரப்பிய படிவம் எல்லாத் தளங்களிலும் அப்படியே மீளும் என்று நம்புவதற்கில்லை. அறிவிப்பு வந்த பிறகும் முன்பே திறந்திருந்த பக்கங்கள் அநேகமாக உயிரோடுதான் இருந்தன. அவசரத்தில் பொத்தானை அழுத்தியவனுக்கு அது தெரியாது. சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

மூடித் திறக்கும்படி கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்: “மற்ற டேபுகளில் எழுதிக்கொண்டிருந்ததை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.” இந்த வரியில் மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. அதற்கு அவசியமும் இருந்திராது.