நிகழ்நேரக் கெர்னல்கள்: மூன்று அணுகுமுறைகள், ஒரு மதிப்பீடு

நிகழ்நேரக் கணிமை என்பது வேகமான கணிமை அன்று. குறித்த கெடுவுக்குள் வேலை முடியும் என்று உறுதி சொல்லத்தக்க கணிமை ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. இறக்கையின் கோணத்தை மாற்றி வேகத்தை அடக்கும் வகைக் காற்றாலையில், கட்டுப்பாட்டுக் கணினி ஆயிரம் முறை விரைந்து இயங்கியும் சூறைக்காற்றில் ஒருமுறை தாமதித்தால் அந்த ஒருமுறையே கணக்கில் வரும். ஆகவே சராசரித் தாமதத்தை வைத்து கெர்னல்களை ஒப்பிடுவது தவறான அளவுகோல்.

தனி நிகழ்நேர இயங்குதளம்

விஎக்ஸ்வொர்க்ஸ், ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்றவற்றின் கெர்னல் சிறியது. அதிகபட்சத் தாமதத்தை ஆராய்ந்து சொல்வது எளிது. ஆனால் சிறிய கெர்னல் மட்டும் காப்பாற்றாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்கியது. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பிடித்திருந்த பூட்டுக்காக உயர்ந்த பணி காத்திருக்க, நடுத்தரப் பணி இடையில் புகுந்தது. கணினி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனது. முன்னுரிமை மரபேற்பு வசதி கெர்னலில் இருந்தும் அந்தப் பூட்டுக்கு இயக்கப்படவில்லை. பூமியிலிருந்து அதை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

இரட்டைக் கெர்னல்

விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பரபனோவும் உருவாக்கிய ஆர்டிலினக்ஸில், குறுக்கீடுகளைச் சிறிய கெர்னலே முதலில் பெறும். லினக்ஸ் அதன் கீழ் மிகத் தாழ்ந்த முன்னுரிமைப் பணியாக ஓடும். ஆர்டிஏஐ, ஜெனோமாய் ஆகியவையும் இரட்டைக் கெர்னல் வழியினவே. உறுதி வலுவானது, ஆனால் நிகழ்நேரப் பணி லினக்ஸின் சேவையைக் கேட்டவுடன் அந்த உறுதி போய்விடும். லினக்ஸ் மாறும்தோறும் இணைப்பையும் புதுப்பிக்க வேண்டும்.

பிரீஎம்ப்ட்-ஆர்டி

இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் வளர்த்த இவ்வழி லினக்ஸையே மாற்றுகிறது. சுழல்பூட்டுகளில் பெரும்பாலானவை உறங்கக்கூடிய பூட்டுகளாகின்றன. குறுக்கீடுகள் இழைகளாக ஓடுகின்றன. ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்புக்குப் பின் 2024இல் 6.12 பதிப்பில் இது முதன்மை லினக்ஸில் சேர்ந்தது. வழக்கமான நிரல்முறையே போதும் என்பது இதன் பெரும் பலம். பலவீனம் உறுதியில் உள்ளது: கோடிக்கணக்கான வரிகள் கொண்ட கெர்னலில் அதிகபட்சத் தாமதத்தை நிறுவ முடிவதில்லை, அளக்கத்தான் முடிகிறது. 'சைக்ளிக்டெஸ்ட்' காட்டும் உச்ச எண் இதுவரை கண்ட உச்சமே. இனி வரக்கூடியதன் எல்லை அன்று.

மதிப்பீடு

ஒலிப்பதிவுக்கும் பெரும்பாலான தொழிற்கூடக் கருவிகளுக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி போதும். உயிரோ பெரும் பொருளோ போகக்கூடிய இடத்தில் கெடுவைக் காக்கும் வேலை சிறிய கெர்னலிடமே இருக்க வேண்டும். காற்றாலையில் இறக்கையைத் திருப்புவது அதன் பணி. மின் உற்பத்திக் கணக்கை அனுப்புவது லினக்ஸின் பணி. சோதித்துப் பார்க்கும் மாணவர், சும்மா இருக்கும் கணினியில் ஒரு நிமிடம் அளப்பதை விட, முழுச் சுமையேற்றி ஒரு நாள் ஓடவிட்டு, சராசரியை விடுத்து உச்சத்தைப் படிக்க வேண்டும்.