கால் டேங்க் கணக்கு

ஜொகூர் பாருவுக்குக் காரில் வரும் சிங்கப்பூரரைக் கேட்டால், பெட்ரோல் இங்கே மூன்றில் ஒரு பங்கு விலைதான் என்பார். விலைப் பலகையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. 2025-இன் இறுதியில் ரோன்97 பெட்ரோல் லிட்டர் 3 ரிங்கிட் 20 சென் என்ற விலையை ஒட்டி விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ ஒரு சிங்கப்பூர் வெள்ளி. அக்கரையில் 98 ரகம் 3 வெள்ளியைத் தாண்டி நின்றது. ஆனால் ஒப்பீடு என்று வந்தால் இனத்தோடு இனத்தை வைக்க வேண்டும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

சாலையில் ஓடும் ஜப்பானியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 95 தாராளம். அவற்றில் 97-ஐ ஊற்றினால் இழுவையும் கூடாது, மைலேஜும் கூடாது. ஆகவே ரோன்97-க்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது சிங்கப்பூரின் 95 ரகம். அதையும் பலகை விலையில் வைக்கக் கூடாது. கடன் அட்டைக் கழிவும் உறுப்பினர் கழிவும் போக அங்கே வழக்கமாக ஊற்றுபவர் அப்போது கட்டியது 2 வெள்ளி 30 காசுக்குப் பக்கம். ஆக உண்மையான வித்தியாசம் லிட்டருக்கு 1 வெள்ளி 30 காசு. குறைவில்லைதான், ஆனால் ஊரார் சொல்லும் தொகையும் இல்லை.

இந்த 1.30-ஐ எத்தனை லிட்டரால் பெருக்குவது? இதற்குச் சிங்கப்பூர் எப்போதோ விடை எழுதிவிட்டது. தன் நாட்டுக் கார் எல்லை தாண்டும்போது குறைந்தது அரை டேங்க் இருக்க வேண்டும் என 1989-இல் விதித்தது. 1991-இல் அதை முக்கால் டேங்க் ஆக்கியது. எரிபொருள் முள் அதற்குக் கீழே நின்றால் திருப்பி அனுப்புவார்கள். அபராதம் 500 வெள்ளி வரை போகும். முள்ளைத் திருத்தி வைப்பது தனிக் குற்றம். 50 லிட்டர் டேங்கில் கால் பங்கு என்றால் பன்னிரண்டரை லிட்டர். அதன் மிச்சம் 16 வெள்ளிச் சில்லறை. இதில் 2016 நவம்பரிலிருந்து அயல் கார் ஒவ்வொரு முறை நுழையும்போதும் மலேசியா வாங்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணத்தைக் கழியுங்கள். அதுவே 6 வெள்ளிக்கு மேல். டோலைக் கழியுங்கள். கடற்பாலத்தில் ஏர்கானைப் போட்டபடி ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கரையும் ஏறத்தாழ ஒரு லிட்டரைக் கழியுங்கள். கையில் எஞ்சுவது இருவர் ரொட்டி சானாய் தின்று தே தாரிக் குடிக்கும் காசுதான். நேரத்துக்கு விலையே போடாத கணக்கு இது.

நெடும்பயணம் போகிறவர் இந்த வரம்பிலிருந்து தப்புவார் என்று பலர் எண்ணுகிறார்கள். கோலாலம்பூர் வரை போய் வந்தேன், அறுபது லிட்டர் மலிவு விலையில் ஊற்றினேன், எழுபது வெள்ளிக்கு மேல் மிச்சம் என்கிறார்கள். அந்த அறுபதில் பெரும்பகுதி பயணத்திலேயே எரிந்தது. போகாமல் இருந்திருந்தால் அந்தச் செலவே இல்லை. ஊர் திரும்பும்போது டேங்கில் கூடுதலாக இருப்பதுதான் சம்பாத்தியம். முக்காலோடு புறப்பட்டு முழுசாகத் திரும்பினால் அது மீண்டும் அதே கால் டேங்க்தான். ஜொகூர் பாருவோடு திரும்பினாலும் ஈப்போ வரை போனாலும் இந்த வரம்பு மாறுவதில்லை. கட்டுப்பாட்டு விதியாக இதைவிடக் கச்சிதமானது அபூர்வம். இத்தாலியின் ஃப்ரியூலி வட்டாரம் ஸ்லோவேனியாவுக்கு ஓடும் தன் மக்களைத் தடுக்க அவர்களுக்கே பெட்ரோல் கழிவு தந்து ஆண்டுதோறும் பணம் இறைக்கிறது. சிங்கப்பூரோ ஒரு முள்ளைப் பார்த்தே காரியத்தை முடித்துக்கொள்கிறது.

குறையும் உண்டு, அது பெரிய குறை. ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூர்ப் பதிவெண் காரில் தினமும் வேலைக்குப் போகிறவரை எண்ணிப் பாருங்கள். மாலையில் ஜொகூரில் டேங்கை நிரப்புகிறார். மறுநாள் சிங்கப்பூருக்குள் அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் நான்கைந்து லிட்டர் தீரும். திரும்பும்போது முள் முக்காலுக்கு மேலேயே நிற்கும். ஆண்டு முழுவதும் அவர் சிங்கப்பூரில் ஒரு சொட்டு வாங்காமல் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கலாம். எப்போதாவது வருகிறவரை நிறுத்தி, நித்தம் வருகிறவரை விட்டுவிடுகிற வலை இது. வரி வருவாயைக் காக்கப் பிறந்த விதிக்கு இது நோக்கத்திலேயே விழுந்த ஓட்டை. லிட்டருக்கு 66 காசு என்று 2021-இல் உயர்த்தப்பட்ட அந்தப் பெட்ரோல் வரி, கணிசமாகக் கசிவது இத்தகையோரிடம்தான்.

ஓட்டுநர் தரப்புக்குத் தீர்ப்பு இப்போதே சொல்லிவிடலாம். பெட்ரோலுக்காக மட்டும் பாலம் தாண்டுவது தேறாது. வேறு வேலையாக வந்து, திரும்பும் வழியில் நிரப்புவது தேறும். அதிலும் கைத்திறன் வேண்டும். தீபகற்பம் முழுவதும் ரோன்97-க்கு ஒரே விலை. புதன்தோறும் அறிவித்து நள்ளிரவு தாண்டியதும் அமலாகிறது. எனவே மலிவான நிலையம் தேடி அலைவது வீண். சோதனைச்சாவடியை ஒட்டிய நிலையங்களில் வார இறுதியில் வரிசை கட்டி நிற்பது அதைவிட வீண். வழியிலுள்ள கூலாயிலேயே நிரப்பிவிட்டு வந்தால் இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாக வழியில் எரியும். அரை மணி நேரம் மிஞ்சும். பம்பில் கடன் அட்டையைச் செருகினால் முதலில் 200 ரிங்கிட்டை நிறுத்தி வைக்கும். ஊற்றியது நாற்பது ரிங்கிட்டுக்குத்தான் என்றாலும் மீதி திரும்பச் சில நாள் ஆகலாம். திரையில் சிங்கப்பூர் வெள்ளியா ரிங்கிட்டா என்று கேட்டால் ரிங்கிட்டைத் தொடுங்கள்; மற்றதன் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. கவுண்டரில் ரொக்கம் கட்டி ஊற்றினால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

குழாய் தானாக நின்ற பிறகு காரின் பின்புறத்தைப் பிடித்து இருவர் உலுக்க, மூன்றாமவர் மேலும் மேலும் விசையை அழுத்தும் காணொளிகள் ஜொகூர் நிலையங்களிலிருந்து அவ்வப்போது வருகின்றன. ஒழுக்கத்தை விடுங்கள், கணக்காகவே அது மோசம். கூடுதலாக நுழைவது ஒன்றிரண்டு லிட்டர். அதற்காகப் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோலையே ஏற்றிவிடுகிறார்கள். அதை மாற்றும் செலவில் பல ஆண்டு மிச்சம் போய்விடும். வெயிலில் விரிவதற்கு இடமில்லாத டேங்க் மூடி வழியாகக் கசிவதும் உண்டு.

இனி மலேசியத் தரப்பு. மானிய விலை ரோன்95-ஐ அயல் பதிவெண் கார்களுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2010 ஆகஸ்ட்டிலிருந்து இருக்கிறது. மஞ்சள் குழாய் 95, பச்சைக் குழாய் 97. பம்பில் அறிவிப்பும் ஒட்டியிருக்கும். நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை: மலேசிய வரிப்பணத்தில் விலை குறைத்த பொருள் மலேசியருக்குத்தான். செயல்முறைதான் தள்ளாடியது. தானே ஊற்றிக்கொள்ளும் நிலையத்தில் கவுண்டருக்குள் இருக்கும் ஒற்றைப் பணியாள், ஆறாம் பம்பில் நிற்கும் காரின் பதிவெண் தகட்டையும் அது பிடித்திருக்கும் குழாயின் நிறத்தையும் எப்படிப் பார்ப்பார்? 1961-ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிநபருக்குப் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம் சொன்னாலும், நடைமுறையில் சுமை பெரும்பாலும் நிலையத்தார் தலையில்தான் விழுந்தது. ஊற்றியவர் பாலம் தாண்டிப் போய்விடுவார். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பச்சைக் குழாயில் ஊற்றும் சிங்கப்பூரரைப் பார்த்து “நம் மானியத்தைத் தின்கிறான்” என்று பொருமுவது தவறு; ரோன்97 சந்தை விலையில்தான் விற்கிறது. அவருக்குக் கிடைக்கும் மிச்சம் பெரும்பாலும் அவருடைய நாட்டு வரியும் அங்குள்ள விலைவாசியும் தருவது.

2025 செப்டம்பர் 30-இல் அனைவருக்கும் நடைமுறைக்கு வந்த புடி95 மானியத் திட்டம் இந்தக் களத்தில் முதல் தெளிவான முன்னேற்றம். சலுகை இப்போது மைகாட் என்ற அடையாள அட்டையைப் பார்க்கிறது, காரைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியருக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மற்றவருக்கு மானியமில்லா விலை, அன்று 2 ரிங்கிட் 60 சென். தகுதியைப் பணியாளின் கண்ணிடமிருந்து எடுத்துக் கருவியிடம் ஒப்படைத்தது அதன் சாதனை.

ஆனால் அந்தச் சாதனையே பழைய தடையின் அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டது. மானியம் அடையாள அட்டைக்குள் போன பிறகு, மானியமில்லா விலையைக் கட்டத் தயாராக இருக்கும் அயல் காருக்கு மஞ்சள் குழாயை மறுப்பதால் கருவூலத்துக்கு என்ன லாபம்? கோலாலம்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டவர் மலேசியப் பதிவெண் காரில் அதே விலைக்கு அதே குழாயில் ஊற்றலாம். சிங்கப்பூர்ப் பதிவெண் காரை ஓட்டும் மலேசியர் மைகாட் இருந்தும் ஊற்ற முடியாது. இது முரண். தடையின் சார்பில் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. எல்லை ஊரில் மைகாட் இரவல் போகும். நண்பரின் அட்டையைத் தட்டிவிட்டு அயல் கார் மஞ்சள் குழாயைப் பிடிக்கும்போது, அங்கே கண்ணுக்குத் தெரியும் தடயம் பதிவெண் ஒன்றுதான். அந்த அளவுக்குத் தடை இரண்டாவது வேலியாக நிற்கிறது. தத்துவமாகத் தோற்று, காவலாக மட்டும் எஞ்சியிருக்கும் விதி இது. அந்தக் காவலையும் கருவியே பார்த்துக்கொள்ள, பணம் கட்டும் இடத்தில் பதிவெண்ணையும் மைகாட்டையும் சேர்த்துச் சரிபார்க்கும் ஏற்பாடு வந்தால், அயல் கார் மானியமில்லா 95-ஐ வாங்குவதை மறுக்க ஒரு காரணமும் மிஞ்சாது.