கங்கையில் கேஸ் படகு

காசியில் இப்போது படகில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேச முடிகிறது! டீசல் படகில் போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பக்கத்தில் இருப்பவர் காதில் கத்த வேண்டும். காற்று திசை மாறினால் கரும்புகை முகத்தில் அடிக்கும். துறையோரத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் பளபளக்கும்.

இந்த முறை கேதார் காட் படித்துறையில் ஏறியதும் பழைய மரப்படகுதான், ஆனால் ஓடுவது சிஎன்ஜியில். எஞ்சின் ஓடும்போதே படித்துறையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. குளிர்காலத்துக்கு வந்திருந்த கடற்காகங்களின் கூச்சல் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. தமிழ் யாத்ரீகர்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசும் படகோட்டி, "புகை இருக்கா பாருங்க சாமி" என்று எஞ்சின் பெட்டியையே திறந்து காட்டினார்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சிஎன்ஜி லேசில் பற்றாது, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதனால் டீசல் எஞ்சினை முழுக்க கேஸுக்கு மாற்றுவதென்றால் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக் வைக்க வேண்டும், அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும், சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயுவை ரெகுலேட்டரில் தணித்துக் காற்றோடு கலக்க வேண்டும். எவ்வளவு அழகான வேலை!

"கசிந்தால்?" என்றேன். அவர் வானத்தைக் காட்டினார். சரிதான்! சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்; அது காற்றைவிட லேசானது, திறந்த படகில் மேலே போய்க் கலைந்துவிடும். எல்பிஜி என்றால் கனம், படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். படகுக்குப் பொருத்தமான எரிபொருள் எது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

காசிப் படகுகளை சிஎன்ஜிக்கு மாற்றும் திட்டம் 2021-இல் சூடுபிடித்தது. எரிவாயு நிறுவனமான கெயில் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் கொடுத்தது. முதல் இலக்கு சுமார் 500 படகுகள். ஆனால் நான் சொக்கிப்போனது நமோ காட்டில் இருக்கும் மிதக்கும் கேஸ் நிலையத்தைப் பார்த்துத்தான். மழைக்காலத்தில் கங்கை பல படிகளை விழுங்கிக்கொண்டு ஏறும், கோடையில் வற்றி இறங்கும். கரையில் பங்க் கட்டினால் கோடையில் படகு எட்டாது, மழைக்காலத்தில் பங்க் மூழ்கும். ஆகவே நிலையமே தண்ணீரோடு ஏறி இறங்கட்டும் என்று மிதவையில் அமைத்துவிட்டார்கள். படகுகள் பக்கத்தில் வந்து அணைந்து, கேஸ் பிடித்துக்கொண்டு போகின்றன. பெட்ரோல் பங்க்கை வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

சிஎன்ஜியும் பூமியிலிருந்து எடுக்கும் எரிபொருள்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் சாணத்திலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கும் உயிரிவாயுவும் இதே மீத்தேன்தான். நாளைக்கு அது தாராளமாகக் கிடைத்தால் இதே சிலிண்டரில், இதே எஞ்சினில் ஓடும். படகோட்டி மறுபடி செலவழிக்க வேண்டியதில்லை. அதை நினைக்கும்போதுதான் என் சந்தோஷம் இரட்டிப்பாகிறது.

காசிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் அஸ்ஸி காட்டில் ஏறுங்கள். நமோ காட் வரைக்கும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் தசாஸ்வமேத காட்டோடு திரும்பினால் அந்த நிலையத்தைப் பார்க்க முடியாது.