சைபரும் 941-ம்

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-இல் முதல்முறை பார்த்தபோது அழுதேன். அண்மையில் மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு மறுபடி பார்த்தபோது சிரிப்பு வந்தது, வயிறு எரிந்து வருகிற சிரிப்பு. இடையில் மாறியது படமல்ல, அரசின் மொழி.

2021-இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் செத்தவர் யாருமில்லை. ஆனால் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்கையில் செத்தவர் 941 பேர். அதில் 213 பேர் தமிழ்நாட்டில். ஒரே வாய் சைபர் என்றும் சொல்கிறது, 941 என்றும் சொல்கிறது. எப்படி முடிந்தது? 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைப் படியுங்கள். அரசு அறிவிக்கிற கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்து இறக்கிவிட்டால் அவர் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். குழிக்குள் செத்தவனோ 'அபாயகரமான சுத்தம் செய்தல்' என்கிற வேறு கணக்கில் போய்ச் சேருகிறான். நம்ம ஆளு குழியைச் சுத்தம் பண்றான், அதிகாரி கோப்பைச் சுத்தம் பண்றான். சாதி இரண்டிலுமே எழுதப்படுவதில்லை.

இந்த மொழிக்கு எதிராகத்தான் படத்தின் தலைப்பே நிற்கிறது. 'சுகாதார வளாகம்' என்று வைக்கவில்லை, வாயில் வருகிற சொல்லையே வைத்தார். வெறுங்கையால் அள்ளுகிற பெண்களைத் தள்ளி நின்று பார்க்காமல் பக்கத்தில் போய்ப் பார்க்கிறது கேமரா. அவர்களே பேசுகிறார்கள். பல ஊர்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது சும்மா இல்லை.

குறை ஒன்று சொல்லவேண்டும். சாட்சியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கப்படுவதால் ஒரு கட்டத்தில் பார்ப்பவர் மரத்துப்போகிறார். அழுதுவிட்டு எழுந்துபோக வழி இருக்கிறது. இனி நமக்கு வேண்டியது இன்னொரு வகைப் படம்: பத்தே நிமிடம். திரையில் ஒருவர் குழிக்குள் இறங்கிக்கொண்டிருப்பார். பின்னணியில் அந்த நாடாளுமன்றப் பதில், ஒரு சொல்லும் மாற்றாமல், செய்தி வாசிக்கும் குரலில். நையாண்டியை நாம் எழுத வேண்டியதில்லை, அரசே எழுதி வைத்திருக்கிறது.

படம் முடிந்ததும், வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியம்மா ஒருவரிடம், 2020-இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று தமிழக அரசு மாற்றியதைப் பற்றிக் கேட்டேன்.

"பேர மாத்திட்டானுவ, சரி. வேலைக்கு வேற தெருவுலேர்ந்து ஆள கூப்புட்டானுவளா?" என்றார்.

எந்த விமர்சகனும் எழுதாத விமர்சனம் இது. பெயர் கௌரவமாகிவிட்டால் வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழாது என்று அதிகாரம் கணக்குப் போடுகிறது. பெரியம்மா அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். படம் எடுக்கப்போகிற தோழர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.